ஐந்தாவது தம்ளர்

ஐந்தாவது தம்ளரை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. போதும் என்று கையைக் காட்டினான்.

“குடிங்க. அடிவயிறு நெறஞ்சிருந்தாத்தான் கரண்டு வைப்பாக.”

குடித்தான்.

அவனுக்கு புராஸ்டேட்டில் புற்று. கதிர் பாய்ச்சும்போது மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் குடல் இறங்கிவந்து கதிரில் வெந்துபோகும். ஐந்து தம்ளர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும். முதல் நாளே டெக்னீசியன் பெண் சொல்லிவிட்டாள். அவனிடம் அல்ல, அவளிடம். இந்த மாதிரிக் காரியங்களை எல்லா இடத்திலும் பொம்பளையிடம்தான் சொல்கிறார்கள்.

தண்ணீர் அவள் கையில். நேரமும் அவள் கையில்.

நாலாவது நாளிலிருந்து அரை மணி நேரம் முன்னாலேயே ஊற்ற ஆரம்பித்தாள்.

யாருக்கும் தெரியாது. மற்றபடி அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. நொய்க்கஞ்சி காய்ச்சினாள். கதிருக்கு அடையாளமாக அடிவயிற்றில் போட்ட மைக்கோடு அழியாமல் குளிப்பாட்டினாள். அந்த அரை மணி நேரம் மட்டும் அவளுடையது.

அவன் நெளிவான். காலை மாற்றி மாற்றிப் போடுவான். நெற்றி வேர்க்கும். போய்விட்டு வந்துவிடட்டுமா என்று சின்னப் பிள்ளை மாதிரி அவளைக் கேட்பான்.

“அடக்கிக்கிடுங்க.”

இனித்தது. சொல்வதற்கு என்ன வெட்கம், அவளுக்கு இனிக்கத்தான் செய்தது.

இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், திருச்செந்தூர் போகிற வேன். அவன் அக்கா மகளுக்குக் காதுகுத்து. அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. வேன் நிறைய அவன் வீட்டு ஆட்கள். கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள் என்று அவன் காதோடுதான் கேட்டாள். அவன் வேன் முழுவதற்கும் சொன்னான். இவளுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் வருமாம், டிரைவரே, நீர் பாட்டுக்கு ஓட்டும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கோயில் கோபுரம் கண்ணில் படுவதற்குள் பட்டுச் சேலை நனைந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் மறந்திருப்பாள். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும், பந்தியில் இலை விழுந்ததும் அவன் அந்தக் கதையை எடுப்பான். அன்று வயிற்றில் இருந்தவளுக்குப் போன தையில் கல்யாணம். புது மாப்பிள்ளைக்கும் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

இன்று பத்தொன்பதாவது நாள். அவனுக்கு முன்னால் உள்ளே போனவர் வெளியே வர நேரமானது. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அவன் எழுந்தான். இரண்டடி வைத்தான். நின்றுவிட்டான்.

வேட்டி நனைந்தது. தரையில் ஓடி, முன்வரிசை நாற்காலிகளுக்கு அடியில் போய்த் தேங்கியது.

அவள் சுற்றிலும் பார்த்தாள். முப்பது பேராவது இருப்பார்கள்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒரு பெரியவர் காலை மெல்லத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பரைப் புரட்டினார். மொட்டைத்தலையை முந்தானையால் மூடியிருந்த பெண் தன் பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து நீட்டினாள். துடைக்க வந்த அம்மாள், இது இங்கே தினம் நடப்பதுதான், மறுபடி தண்ணீரைக் குடித்துவிட்டு உட்காருங்கள் என்றாள்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பாழாய்ப்போன சனம், ஒரு வாய் சிரித்தால் என்ன குறைந்துவிடும்?

போன் அடித்தது. அவனுடைய அக்கா. தினமும் இந்த நேரத்துக்கு விசாரிப்பாள். அந்த வேனில் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவள்.

ஸ்பீக்கரில் போட்டாள்.

“மதினி, இந்தக் கூத்தக் கேளுங்க. ஒங்க தம்பிக்கு அடக்க முடியலயாம். இத்தன பேரு பாக்க, நடுக்கூடத்துல வச்சு…”

அவன் சொல்வதைப் போலவே சொன்னாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், கையை விரிக்க வேண்டிய இடத்தில் விரித்தாள். எத்தனையோ பந்தியில் கேட்ட கதை. ராகம் கொஞ்சமும் தப்பவில்லை.

முதலில் ஐயோ என்றுதான் போனில் சத்தம் வந்தது. பிறகு அக்கா சிரித்துவிட்டாள். அடக்க அடக்க இன்னும் சிரித்தாள்.

அவள் போனை மடியில் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷமும் இதற்குத்தான் காத்திருந்தாள். அழுவான், இல்லாவிட்டால் கையை ஓங்குவான்.

அவன் சிரித்தான்.

ஈர வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, போனுக்குக் கேட்கும்படி, அக்காவோடு சேர்ந்து சிரித்தான்.

அப்படிச் சிரிப்பதற்கு எவ்வளவு பல்லைக் கடிக்க வேண்டும் என்று அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.