மூடியில் இருந்த பெயர்

தோழி ரேணுகா தன் சமையலறையை எண்பதுகளின் பாணிக்கு மாற்றியிருந்தாள். நடுவில் ஒரு பழைய எலெக்ட்ரிக் குக்கர்.

“பழைய சாமான் கடையில கிடைச்சுது சுகந்தி. உள்ள சூடேத்துற காயிலை மாத்தினேன், சோறு பூவா வேகுது. இதை எடைக்குப் போட எவளுக்குத்தான் மனசு வந்துச்சோ!”

மூடியில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த பெயரைச் சுகந்தி பார்த்துவிட்டாள். தனபாக்கியம். அவளுடைய மாமியார். தானே எடைக்குப் போட்டதை மறைத்து, படுக்கையில் கிடக்கும் அவரிடம், குக்கர் ரிப்பேர் கடையில் இருப்பதாக இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறாள்.

“ஆமாடி, என்ன ஜென்மமோ” என்று சொல்லிவிட்டு, பரிமாறிய சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் வழக்கம்போலக் கேட்டார். “குக்கரைச் சரிபண்ணிட்டாங்களாம்மா?”

“இன்னும் இல்ல அத்தே” என்றாள் சுகந்தி. சோற்று வாசம் போகாத கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.