ராசிக்கைப் பிடித்த கை

ஹட்டனில் புடவைக்கடை வைத்திருந்த ராசிக், ஏற்கெனவே படியில் விழுந்து மண்டை உடைந்து பிழைத்தவர். இரத்த அழுத்தத்துக்குப் புதிதாக வந்த குளிசையைப் போடத் தொடங்கியதிலிருந்து, எழுந்து நின்றாலே அவருக்குத் தலைசுற்றியது. மறுபடி விழுந்தால் மூளைக்கு ஆபத்து என்று கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் மனைவி அசீசா கலங்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில், அந்தக் குளிசை யார் யாரை என்ன செய்கிறது என்று ஆராய்ந்துவந்த டொக்டரிடம் அவரைக் கூட்டிப்போனாள்.

“குளிசைதான் காரணம். நிப்பாட்டினா சரியாயிரும்,” என்றார் டொக்டர். “கடையில எத்தனை தடவை விழுந்தீங்க?”

“ஒரு தடவையும் விழலீங்க. கண்ணு இருட்டிச் சாயும்போதெல்லாம் இவதான் வந்து கையைப் புடிச்சுக்குவா.”

அசீசா திகைத்தாள். “நான் கடைக்குள்ள வந்ததே இல்லையே.”

டொக்டர் ராசிக்கின் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைக்கு மேலே விரல்கள் அழுந்திய தடம் நீலம் பாரித்திருந்தது. டொக்டர் எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். ஆறு விரல்கள்.

அசீசாவுக்குப் பயம் வரவில்லை. பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டாள்.

“யாரா இருந்தா என்ன டொக்டர், இவங்கள விழவிடலையே,” என்றபடி, அந்தத் தடத்தின்மேல் உரசாமல் சட்டைக் கையை மெல்ல இறக்கிவிட்டாள்.