கொடுத்துக்கொண்டே இருந்த பாட்டில்

கணையம் வீங்கி, வயிற்றுவலியில் சுருண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது மரியபுஷ்பத்தின் உடம்பு வறண்டு கிடந்தது. முதலில் மாட்டிய சலைன் பாட்டில் வேகமாக இறங்கியது. நாடி தேறியது, மூத்திரம் பிரிந்தது. எல்லோரும் அந்தப் பாட்டிலைப் புகழ்ந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே வந்து தொங்கிய அடுத்த பாட்டில், அதைவிட வேகமாகக் கொட்டியது.

"நிறுத்து! இங்கே தண்ணி கோத்துக்கிட்டு நிக்குது," என்று நுரையீரல் கத்தியது.

"உனக்கென்ன வந்தது? நான் கணையத்துக்குக் கொடுக்கறேன்."

"அது கேட்டுச்சா?"

"கேட்டுக்கிட்டா கொடுப்பாங்க? கொடுக்கறவனைத் தடுக்காதே."

"எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா வந்தாப் போதும்ணே," என்று முனகியது கணையம். பாட்டில் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சிஸ்டர், மூச்சு முட்டுதும்மா," என்று மரியபுஷ்பம் தவித்தாள். நர்ஸ் லீலாவதி ஓடிவந்து குழாயை அடைத்தாள். அவளை நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்தாள். டாக்டர் வந்து, நீர் பிரிய ஊசி போடச் சொன்னார். மூச்சு கொஞ்சம் தணிந்ததும் வேறொரு பாட்டிலை மாட்டி, சொட்டுச் சொட்டாக இறங்கவிட்டார்கள்.

குப்பைத் தொட்டியில் கிடந்த பாட்டிலுக்கு ஆத்திரம் பொங்கியது. "அந்தக் கஞ்சனுக்கு மரியாதை, எனக்குக் குப்பைத் தொட்டியா? எவ்வளவு கொடுத்தேன், ஒரு நன்றி உண்டா?"

நுரையீரலுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"நீ கொடுத்ததைத்தான்டா இன்னும் இருமிக்கிட்டு இருக்கேன்," என்றது.