முடிந்த சேலைகள்

டொரன்டோவிலிருந்து வடக்கே போகப் போக ஏரிகள் பெரிதாகின. மூன்றாவது ஏரியிலும் கந்தவேள், ஒன்றோடொன்று முடிந்த மூன்று பழைய சேலைகளின் ஒரு முனையை நீந்தப்போகும் மகள் ஆரணியின் இடுப்பில் கட்டினார். மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டார். முன்பு ஊரில் படகு கவிழ்ந்த அன்று தன் தங்கச்சியை நழுவவிட்ட கை அது.

"எல்லாரும் பார்க்கினம் அப்பா."

"பார்க்கட்டும்."

கரையில் புட்டுக் குழைத்துக்கொண்டிருந்த மனைவி, "பதினேழு வயசுப் பிள்ளை. ஆட்டுக்குட்டியோ, கட்டி மேய்க்க?" என்றாள்.

ஆரணி தண்ணீரில் இறங்கினாள். சேலை முழுதும் நீண்டு விறைத்தது. அவள் மிதந்தபடி எதிரே தெரிந்த சிறுதீவைப் பார்த்தாள். பிறகு சேலை தளர்ந்தது. திரும்பி வருகிறாளென்று கந்தவேள் அவசரமாக இழுத்தார். வெறும் முனைதான் வந்தது. அவள் தலை தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நீந்தத் தெரியாத அவர் இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடி வாயைத் திறந்தார்.

"கூப்பிடாதேங்கோ," மனைவி பின்னால் வந்து அவர் தோளைப் பிடித்தாள். "பாதியிலை திரும்பினால் களைச்சுப் போவாள்."

அவர் வாயை மூடிக்கொண்டார். கை மட்டும், அவள் போகும் வேகத்துக்கு, வெறும் சேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தது.