சுவரில் ஒரு இடது கை

"கை தப்பு," என்றார் விழாக் குழுச் செயலாளர்.

ஓவியக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் காலையில் திறப்பு விழா. இடிந்து கிடந்த பழைய சந்து அது. செப்பனிட்டு, கல் பதித்து, விளக்கு மாட்டி, சுவர் முழுக்க அந்தக் காலத்து ஆட்களை வரைந்தாயிற்று. மூன்று மாதம் ஏணியில் நின்று கால் வீங்கியது அவளுக்குத்தான்.

"எந்தக் கை சார்?"

"தையல்கடை மாஸ்டர் கை. இடது கையில கத்தரி பிடிச்சிருக்காரு பாரு. மனுஷனைப் போய் பீச்சாங்கை ஆக்கி வெச்சிருக்கியேம்மா!"

"போட்டோவுல அப்படித்தான் சார் இருந்துச்சு."

"போட்டோவைத் திருப்பிப் போட்டு வரைஞ்சிருப்பே."

"பின்னாடி காலண்டர் இருந்துச்சு சார். தேதி நேராத்தானே தெரியுது?"

"காலண்டரா நாளைக்கு ரிப்பன் வெட்டப் போகுது? மாஸ்டர்தான் வெட்டப் போறாரு. இப்ப சுத்திப் பார்க்க வராரு. என்ன சொல்லப் போறாரோ!"

அந்தச் சந்திலேயே அவள் மனசு வைத்து வரைந்தது அந்தக் கையைத்தான். துணி மேல் கத்தரி ஓடுகிற வேகம் அந்த மணிக்கட்டில் இருந்தது. அழித்தால் மறுபடி வராது.

மாஸ்டர் வந்தார். எண்பதை நெருங்கும் வயது. மடிப்புக் கலையாத சட்டை. கூடவே மகள்.

வணக்கம்கூடச் சொல்லவில்லை. வந்ததும் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"இது யாரு, தபால்காரனா? இவன் என்னைக்குச் சிரிச்சான்? கதவை உடைக்கிற மாதிரி தட்டுவான்."

அடுத்த சுவர். ரேடியோ கடைக்காரர்.

"இந்தச் சட்டை எங்க கடைச் சட்டை இல்ல. தோள் இறங்கிக் கிடக்கு."

"அப்பா, நல்லதா ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்," என்று மகள் கிசுகிசுத்தாள்.

"இருந்தா சொல்றேன்."

தையல்கடைச் சுவருக்கு வந்தார்கள். குனிந்த தலை, அடர்ந்த மீசை, விரித்த துணி, கத்தரி. கீழே அகலமான எழுத்தில் மாஸ்டரின் பெயர்.

மாஸ்டர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு கிட்டே போனார். மூக்கு சுவரில் இடிக்காத குறை.

செயலாளர் முந்திக்கொண்டார். "தப்பு நடந்துபோச்சு மாஸ்டர். சின்னப் பொண்ணு, தெரியாம..."

"போட்டோ ஏது?"

"உங்க பழைய கஸ்டமர் வீட்டு ஆல்பத்துல இருந்துச்சு சார்," என்றாள் ஓவியக்காரி. "கடையோட பின் ரூம். திரை விலகின நேரத்துல எடுத்திருக்காங்க."

மாஸ்டர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு," என்றார் கடைசியில். "மாத்து."

"கேட்டியாம்மா?" செயலாளருக்கு வேகம் வந்துவிட்டது. "இந்தச் சந்துல இவரு வெட்டின சட்டை போடாத ஆளே கிடையாது. என் கல்யாணக் கோட்டு, இத்தனை தொப்பைக்கு அப்புறமும் அம்சமா நிக்குது. அந்தக் கையைப் போய்..."

அவள் தோல் நிறத்தைக் குழைத்தாள். கண் மங்கியது. துடைத்துக்கொண்டு, தூரிகையை அந்த மணிக்கட்டில் வைக்கப் போனாள்.

"ஏய்! கையில எதுக்கு வைக்கிறே?" மாஸ்டர் போட்ட அதட்டலில் தூரிகை கீழே விழுந்தது. "நான் பேரைச் சொன்னேன்!"

"பேரையா சார்?"

"கை சரியாத்தான் இருக்கு. இந்தச் சந்துலேயே சரியா இருக்கிறது அது ஒண்ணுதான். பேர்தான் தப்பு. இது நான் இல்ல. என் தம்பி."

செயலாளர் வாயைப் பிளந்தார். "அப்ப அந்த வெட்டு...?"

"முன்னாடி நின்னு அளவு எடுத்தேன். பேசினேன். பாராட்டை வாங்கிக்கிட்டேன். வெட்டினதெல்லாம் பின் ரூம்ல அவன். போர்டுல தன் பேரும் வேணும்னு ஒரே ஒரு நாள் கேட்டான். முடியாதுன்னேன். தன் கத்தரியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"தம்பி பேரு என்ன சார்?" என்றாள் ஓவியக்காரி.

சொன்னார். "என் பேரை எழுதினதைவிடப் பெரிசா எழுது," என்றார். பிறகு மகளிடம் திரும்பினார். "உன் சித்தப்பா நம்பர் எங்கேயாவது கிடைக்குமா?"

"எங்கிட்டயே இருக்குப்பா. வாராவாரம் பேசறேன்."

முறைத்தார். "எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நீங்க கேட்கவே இல்லையே."

போனை வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் குரல் கேட்டது. அதட்டித்தான் சமாளித்தார்.

"டேய், நான்தான். நாளைக்குக் காலையில நம்ம சந்துல ரிப்பன் வெட்டணும். வந்து சேரு... நானா? வெட்டறது என்னைக்குடா என் வேலையா இருந்துச்சு?... சரி சரி, அழாதே. வரும்போது உன் கத்தரியைக் கொண்டு வா. இங்கே இருக்கிறதெல்லாம் வலது கைக்காரனுக்குச் செஞ்சது."