மூன்றாம் கவுன்ட்டரில் லூடோ

"பாருங்கண்ணே, வேலை நேரத்துல அந்தப் பொண்ணு போன்ல லூடோ ஆடிக்கினு இருக்குது!"

பக்கத்து நாற்காலியில் இருந்த தேவசகாயம் சொன்னதும் மயில்வாகனம் எட்டிப் பார்த்தார். உண்மைதான். ஆஸ்பத்திரியின் மூன்றாம் கவுன்ட்டரில், இன்சூரன்ஸ் பார்க்கும் சுகாசினியின் கைபேசியில் பகடை உருண்டது.

மயில்வாகனத்துக்குச் சுருக்கென்றது.

பட்டு நெய்கிறவர் அவர். ஒரே சேலைக்காகப் பதினைந்து நாள் தறியில் உட்காரும் பொறுமை உள்ளவர். இன்று பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை.

மனைவி கமலாட்சிக்குப் பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன்தான். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி அப்ரூவல் தரவேண்டும். அது போதாதென்று, பயத்தில் அவளுக்குப் பிரஷர் ஏறிக் கிடந்தது. குறையாவிட்டால் இன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டதும் கீழே இறங்கி வந்தவர்தான். மணி பன்னிரண்டாகியும் மேலே போகவில்லை. மனைவி முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கோபப்படத்தான் நிறைய இருந்தது. வண்டி நிறுத்த இடமில்லை. தலைக்கு மேல் ஃபேன் கடகடத்தது. எதிரில் ஒருவர் ரீல்ஸை ஊருக்கே கேட்கும்படி ஓடவிட்டிருந்தார்.

"பாலிசி எடுக்கச் சொல்றப்ப செவிலிமேட்டுல என் வூடு வரைக்கும் தேடிக்கினு வந்தாங்கபா. இப்ப நாம தேடுறோம்" என்றார் மயில்வாகனம்.

"அதை வுடுங்க. இந்த கேமு இருக்குதே, என் மருமகனுக்கு முப்பத்தஞ்சு வயசு. ஆபீஸ்லருந்து வந்ததும் துப்பாக்கியைத் தூக்கிடுவாரு. சாப்பிடக் கூப்பிட்டா, 'சுட்டுட்டு வர்றேன் மாமா'ன்றாரு."

மயில்வாகனம் சிரிக்கவில்லை. எழுந்து நேராகக் கவுன்ட்டருக்குப் போனார்.

"ஏம்மா, அப்ரூவல் என்னாச்சு?"

"காலையிலேயே அனுப்பிட்டேன் சார். ரெண்டு தடவை போன் பண்ணியும் கேட்டுட்டேன். பதில் வரணும்." அவள் கண் பாதி கைபேசியில் இருந்தது.

"இங்க உசுரைக் கையில புடிச்சிக்கினு நிக்கிறோம், உனக்கு விளையாட்டு கேக்குதா? யாரு உங்க மேனேஜரு? கூப்பிடு!"

ஹாலே திரும்பிப் பார்த்தது. ரீல்ஸ்கூட நின்றது.

சுகாசினிக்கு முகம் கன்றிவிட்டது. கைபேசியில் அவசரமாக எதையோ தட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். "சாரி சார். இதோ, மறுபடி கேக்கிறேன்."

கால் மணி நேரத்தில் அப்ரூவல் வந்துவிட்டது.

"பார்த்தியாபா? ஒரு சத்தம் போட்டேன், நடந்துச்சு!" என்று தேவசகாயத்திடம் சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

வார்டில் நர்ஸ் பிரஷர் பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நல்லா குறைஞ்சிடுச்சு சார். ரெண்டு மணிக்கு ஆபரேஷன்."

கட்டிலில் கமலாட்சி கைபேசியும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். காலையில் கண்ட முகமே இல்லை.

"ஏங்க, நீங்க கீழ போனதும் கையெழுத்து வாங்க வந்துச்சு ஒரு இன்சூரன்ஸ் பொண்ணு, நான் நடுங்கறதைப் பார்த்துட்டு என் போன்ல லூடோ போட்டுக் குடுத்துச்சு. 'கீழ இருந்தே உங்ககூட ஆடுறேன், பயப்படாதீங்க'ன்னுச்சு. நடுநடுவுல அது வேலையையும் பார்த்துக்கினுதான் ஆடுச்சு. மூணு ஆட்டம் நான் ஜெயிச்சேன்!"

மயில்வாகனம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் முன்னதான் பாதியில நிறுத்திடுச்சு. மெசேஜ் போட்டிருக்குது, படிக்கிறேன் கேளுங்க. 'ஒரு சார் கத்துறாரு ஆன்ட்டி. நல்லவர்தான். வீட்டம்மாவை நினைச்சு ரொம்ப பயந்துபோயிருக்காரு. அவர் வேலையை முடிச்சுக் குடுத்துட்டு வந்துடறேன்.'"

கமலாட்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"பாவம், யாரு வூட்டு மனுஷனோ! கீழதானே இருந்தீங்க, நீங்க பார்த்தீங்களா அவரை?"