ஒரே ஒரு கடி

"இதுக்கு ஊசி போட்டு முடிச்சிடுங்க டாக்டர். இன்னிக்கே."

கூண்டை மேசைமேல் வைத்துவிட்டு ராண்டா இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். உள்ளே மஞ்சள் பூனை ஒன்று மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

டாக்டர் மேவிஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒஹாயோவின் அந்தச் சின்ன ஊரில் வெகுகாலமாக நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள். இப்படிக் கூண்டோடு வந்து நிற்கிற ஆட்கள் அவளுக்குப் புதிதில்லை. இவளோ தலையைப் படிய வாரி, நல்ல கோட்டு போட்டு, எங்கோ விருந்துக்குப் போகிற வழியில் ஒரு தொல்லையை இறக்கிவிட்டுப் போக வந்தவளாகத் தெரிந்தாள்.

"என்ன வியாதி?"

"வியாதி எல்லாம் இல்ல. கடிக்குது. மணல் தட்டுல போகாம கம்பளத்துலயே ஒண்ணுக்குப் போகுது. வீடே நாறுது."

மேவிஸ் கூண்டைத் திறந்து பூனையை மெல்ல வெளியே எடுத்தாள். முன்னங்காலைத் தொட்டதுமே அது முனகியபடி காலை இழுத்துக்கொண்டது. விரல் நுனிகள் மொட்டையாக இருந்தன.

"நகத்தை எடுத்திருக்கீங்க."

"ஆமா. பனி விழறதுக்கு முன்னால. வேற டாக்டர்கிட்ட."

"ஏன், சோபாவைக் கீறிடுச்சா?"

ராண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேவிஸுக்கு அதுவே போதுமாயிருந்தது. பூனைகளின் நகத்தை எடுக்கத் தடை வேண்டுமென்று அன்று மாலைதான் ஊர் மன்றத்தில் அவள் பேசப் போகிறாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை இவளிடமே அவிழ்த்துவிட்டாள்.

"ஏதோ நகம் வெட்டறதுன்னு நினைச்சுட்டீங்க போல. விரல் எலும்பையே நுனியில வெட்டி எடுத்துடறாங்கம்மா. நம்ம பத்து விரலையும் முதல் கணுவோட நறுக்கின மாதிரி. அந்தக் காலோட மணல்ல போய்த் தோண்டுன்னா எது தோண்டும்? மெத்துனு இருக்கிற கம்பளத்துக்குத்தான் போகும். அது திமிரு இல்ல, வலி."

"எனக்கு அப்போ தெரியாது."

"தெரிஞ்சுக்க வேண்டாமா?"

ராண்டா கோட்டின் பொத்தானைத் திருகினாள். "இது அப்பாவோட பூனை. பேரு பீனட். அவருக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்திருந்தாங்க. இது மடியில ஏறி இறங்கினாலே கீறல் விழும், ரத்தம் நிக்காது. ஒரு தடவை சட்டை பூரா ரத்தம். நான் பயந்துட்டேன். அவர் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னார். அவர் தூங்கறப்போ நான்தான் கூண்டுல போட்டுத் தூக்கிட்டுப் போனேன்."

சோபாவுக்காக இல்லையென்றதும் மேவிஸின் கோபம் பாதி தணிந்தது. பேச்சு மட்டும் தணியவில்லை.

"யாரைக் கடிச்சுது?"

"அப்பாவை. கையில. ஒரே ஒரு தடவைதான்."

"ஒரே ஒரு கடி. அதுக்கு இதோட உயிரை எடுக்கணுமா?" மேவிஸ் சட்டைக் கையை மேலே ஏற்றித் தன் தழும்புகளைக் காட்டினாள். "என்னை எத்தனை கடிச்சிருக்கு பாருங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

ராண்டா அந்தத் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் கொன்னுடுன்னு உங்க அப்பா சொன்னாரா?"

"இல்ல. கடிபட்ட அன்னிக்கும் மடியிலதான் வெச்சிருந்தார். 'இதுக்குக் கால் வலிக்குது ராண்டா, வேணும்னு கடிக்கல'ன்னார். எனக்குத்தான் இதைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. அவர் நாற்காலியிலயே போய்ப் படுத்துக்குது. துரத்தினாலும் எழுந்திருக்க மாட்டேங்குது."

"அவர் நல்ல மனுஷன். உங்களைவிட விஷயம் தெரிஞ்சவர்."

ராண்டா தலையைக் குனிந்துகொண்டாள். உறைக்கிறது, நன்றாக உறைக்கட்டும் என்று நினைத்தாள் மேவிஸ். இப்போது விட்டால் இவள் வேறு எங்காவது போய் ஊசி போட்டுவிடுவாள். பாவம், அந்தப் பூனைக்குத் தன்னைவிட்டால் பேச ஆளில்லை.

"கேளுங்க. வலிக்கு மாத்திரை தர்றேன். மணலுக்குப் பதிலா தாளைக் கிழிச்சுப் போடுங்க. கம்பளத்துல போறது நின்னுடும். கடிக்கிறதும் குறையும். நகம் இருக்கிற பூனை, கிட்ட வராதேன்னு ஒரு கீறு கீறிட்டுப் போயிடும். நகத்தை எடுத்துட்டா அதுக்கு மிச்சம் இருக்கிறது பல்லுதான். அது கடிச்சா பூனையைக் குத்தம் சொல்லாதீங்க. நகத்தை யார் எடுத்தாங்களோ அவங்கதான் கடிச்சாங்கன்னு அர்த்தம்."

சொல்லி முடித்ததும் மேவிஸுக்குத் திருப்தியாக இருந்தது. இந்தக் கடைசி வரியை மாலையிலும் அப்படியே சொல்லிவிட வேண்டும்.

ராண்டா மேசைக்கு அருகில் வந்தாள். தயங்கித் தயங்கிப் பூனையின் முதுகில் கை வைத்தாள். அது பேசாமல் இருந்தது.

"அப்போ இதுமேல தப்பே இல்லையா? நிச்சயமாத்தானே சொல்றீங்க?"

"சத்தியமா இல்ல."

"சரி. வீட்டுக்கே கொண்டு போறேன். மாத்திரை குடுங்க."

மேவிஸுக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். பூனையை மறுபடி கூண்டுக்குள் விட்டு, மாத்திரைப் புட்டியையும் எடுத்து நீட்டினாள்.

"உங்க அப்பாகிட்ட சொல்லுங்க, பீனட் திரும்பி வந்துட்டான்னு. அவருக்குத்தான் ரொம்ப சந்தோஷமா இருக்கும்."

ராண்டா கூண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடியில கை வீங்கி, விஷம் ரத்தத்துல ஏறி, அப்பா வியாழக்கிழமை போயிட்டார் டாக்டர். மத்தியானம் அவரைப் புதைக்கிறதுக்குள்ள இதை முடிச்சிடணும்னுதான் வந்தேன்," என்றாள். "இந்தப் பூனைதான் அவரைக் கொன்னுடுச்சுன்னு நினைச்சிக்கிட்டிருந்தேன். நான்தான், இல்ல?"